நிழற்படமும் தூரிகையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இம்மண்டபத்தின் பின்சுவரிலே நம் சங்கத்து இளைஞர் எடுத்த படங்கள் வரிசையாகத் தொங்குவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன். அவற்றுள் ஏறக்குறையப் பாதி, எண்ணெய் வர்ணத்தால் தீட்டிய சித்திரங்கள் போலத் தோன்றுகின்றன. ஒரு துலாக் கிணற்றின் படத்துக்கு முன்னே பெரியவர் ஒருவர் நெடுநேரம் நின்றார். பின் அருகில் நின்ற தம்பியைப் பார்த்து, "ஆர் தம்பி இதைக் கீறினது? துலாக்கொடியைக் காணேல்லையே!" என்றார். "ஒருத்தரும் கீறேல்லை ஐயா. போனிலை ஒரு பொத்தானை அமத்தினன், வந்திட்டுது" என்றான் தம்பி. பெரியவரின் முகம் சற்று வாடியது. தம்பியின் முகமும் வாடியது. பெரியவர் தாம் ஏமாந்துவிட்டதாக எண்ணினார். தம்பி தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணினான்.

அந்தத் துலாக்கொடி எங்கே போயிற்று என்பதுதான் இன்று நான் பேசப்போகும் விஷயம். நான் பெயர்பெற்ற ஓவியன் அல்லன். ஓய்வு நேரங்களிலே கணினியில் தூரிகை பிடித்துப் பழகியவன். ஆகவே, குற்றங் குறைகள் இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

நிழற்படத்தைச் சித்திரம் போலாக்க வேண்டும் என்ற ஆசை கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. அது நிழற்படக் கலையோடு உடன்பிறந்தது. 1839ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து டகேர் என்பவரின் படம்பிடிக்கும் முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. அதுவரை சிறிய உருவச் சித்திரங்கள் தீட்டிப் பிழைத்துவந்த ஓவியர் பலர் தொழிலை இழந்தனர். அவர்களுட் சிலர், தம் தொழிலைக் கெடுத்த அதே நிழற்படங்களின்மீது வர்ணம் பூசும் வேலையை மேற்கொண்டு சீவனம் நடத்தினர்.

அந்த நூற்றாண்டின் இறுதியிலே, நிழற்படமும் ஓவியத்துக்கு நிகரான கலையே என்று நிலைநாட்ட விரும்பிய ஒரு கூட்டத்தார் தோன்றினர். பிரான்சிலே றொபேட் டெமாஷி என்பவர் இவர்களுள் முக்கியமானவர். அவர் கையாண்ட முறை நாம் அறியவேண்டியதொன்று. பிசினோடு வர்ணப் பொடியையும் பைக்குரோமேற்று என்னும் உப்பையும் சேர்த்துக் கடதாசியிற் பூசுவர். அதன்மேல் எதிர்ப்படத்தை வைத்து வெயிலிற் காட்டினால், ஒளி பட்ட இடத்துப் பிசின் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரிற் கரையும். கரையும் தறுவாயிலே தூரிகையால் தடவி, வேண்டிய இடத்தை வைத்துக்கொண்டு வேண்டாத இடத்தைக் கழுவி நீக்கலாம். ஆகவே அப்படத்தின் உருவத்தைக் கமரா தந்தது. எது நிற்பது, எது மறைவது என்ற தீர்ப்பை மனிதனுடைய கை தந்தது. 1907ஆம் ஆண்டிலே, கொழுப்பு மையைத் தூரிகையால் ஒற்றிப் படத்தை உருவாக்கும் வேறொரு முறையும் வந்தது.

இதனை எதிர்த்தோரும் இருந்தனர். 1932இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே அன்சல் அடம்ஸ், எட்வேட் வெஸ்ரன் முதலியோர் கூடி, நிழற்படம் நிழற்படமாகவே, கூர்மையும் தெளிவுமாக இருத்தல் வேண்டும், ஓவியத்தின் வேஷம் அதற்கு வேண்டாம் என்று வாதித்தனர். நமது நாட்டிலே 1944இல் காலமான லயனல் வென்ட் அவர்களையும் இங்கே நினைத்தல் தகும். 1943இல் கொழும்பிலே ஓவியர் சேர்ந்து அமைத்த '43 குழு'வின் தூண்களில் ஒருவர் அவர். ஓவியரோடு அவ்வளவு நெருங்கிப் பழகியும், படங்களை ஒன்றோடொன்று இணைத்தும், ஒளியைக் கொண்டே நிழலைத் தலைகீழாக்கியும், இருட்டறைக்கே உரிய முறைகளாலே அவர் புதுமை செய்தார்.

இரு பக்கத்தார் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் நம் பாரத தேசத்துக் கைவினைஞர் இவ்வாதத்திலே சிக்காமல் ஒரு வழி கண்டனர். இராசஸ்தானத்து நாததுவாரத்திலே ஸ்ரீநாதர் சந்நிதியைச் சூழ்ந்து வாழும் ஓவியர், தரிசனத்துக்கு வந்த குடும்பத்தார் சுவாமியின் இருமருங்கும் கைகூப்பி நிற்பதாகச் சித்திரம் எழுதிக் கொடுப்பர். நிழற்படம் வந்தபின், அடியாரின் முகத்தை மட்டும் படத்திலிருந்து வெட்டி ஒட்டினர். உடலையும் உடையையும் சந்நிதியையும் வர்ணத்தாலே தீட்டினர். முகம் உள்ளபடி இருக்கவேண்டும், மற்றவை கைவண்ணமாக இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று முதலிலே தீர்மானித்த பின்னரே அவர்கள் தூரிகையைத் தொட்டனர். இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

இனி, கணினி இவ்வேலையை எவ்வாறு செய்கிறது என்று பார்ப்போம். பொத்தானை அமத்தியவுடன் ஓவியமாக்கித் தரும் 'பில்டர்'கள் பலவற்றுக்கு அடிப்படையாயிருப்பது, ஜப்பானியராகிய குவகாரா என்பவர் 1976இல் வெளியிட்ட ஒரு முறை. அவர் அதனை ஓவியத்துக்காகச் செய்யவில்லை. இருதயத்தை ஆராயும் வைத்தியப் படங்களைத் துலக்குவதற்காகச் செய்தார். படம் முழுவதும் 'பிக்சல்' எனப்படும் நிறப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நாலு சிறு சதுரங்களை எடுத்து, எந்தச் சதுரத்திலே நிறவேறுபாடு ஆகக் குறைவோ அதன் சராசரி நிறத்தை அப்புள்ளிக்குக் கொடுப்பது அவர் முறை. இதனால் நுணுக்கங்கள் மறைந்து, நிறங்கள் திட்டுத்திட்டாகத் திரளும். பெரிய உருவங்களின் விளிம்பு மட்டும் கூராக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தூரிகை பட்டது போலவே இருக்கும்.

துலாக்கொடி எங்கே போயிற்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா? மெல்லிய கோடு அச்சதுரங்களுள் அகப்பட்டால், வானத்தின் நிறத்தோடு கலந்து அழிந்துவிடும். துலாவும் கிணற்றுக்கட்டும் தடித்தவை, ஆதலாற் பிழைத்தன. கொடி இல்லாவிட்டால் வாளி மேலே வராது என்பது எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும், பில்டருக்குத் தெரியாது.

இதைவிட நுட்பமான வழிகளும் வந்தன. 1990ஆம் ஆண்டிலே போல் ஹேபர்லி என்பவர், மனிதனும் கணினியும் வேலையைப் பங்கிடும் ஒரு முறையை வெளியிட்டார். படத்தின்மேல் நாம் எவ்விடத்தில் தூரிகையை வைக்கிறோமோ, அவ்விடத்து நிறத்தைக் கணினி எடுத்துத் தரும். தூரிகையின் அளவையும் போக்கையும் நாம் தீர்மானிப்போம். 1998இல் ஆரன் ஹேட்ஸ்மன் என்பவர், முதலிலே பெரிய தூரிகையால் முழுப்படத்தையும் பூசி, மூலப்படத்திலிருந்து அதிகம் விலகிய இடங்களை மட்டும் வரவரச் சிறிய தூரிகைகளாலே திருத்தும்படி கணினிக்குக் கற்பித்தார். ஓவிய ஆசிரியர் மாணவருக்குச் சொல்லும் புத்திமதியும் இதுவே. 2015இல் ஜேர்மனியிலே காற்றிஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும், ஓர் ஓவியரின் பாணியை மற்றொரு படத்துக்கு ஏற்றும் முறையைக் கண்டனர். அடுத்த ஆண்டே பிரிஸ்மா என்ற செயலி அதனைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது. அதன்பின் வான்கோ தீட்டியது போன்ற வீதிகளும் வேலிகளும் உலகெங்கும் மலிந்தன.

அன்பர்களே, இவையெல்லாம் வியக்கத்தக்க கெட்டித்தனங்களே. நான் அவற்றை இகழவில்லை. ஆயினும் என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் அக்கா ஒருவர், தமது தந்தையாரின் ஆட்டைத் திவசத்துக்குச் சுவரிலே மாட்ட ஒரு பெரிய படம் செய்து தரும்படி கேட்டார். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. பின்னர் பாஸ்போட்டுக்கு எடுத்த படம் ஒன்றே மிச்சம். அகலம் 35 மில்லிமீற்றர், உயரம் 45 மில்லிமீற்றர். சாயம் மங்கி, ஒரு மூலை மடிந்திருந்தது. பெரிதாக்கினால் மங்கும், ஆதலால் ஓவியம் போலச் செய்துவிடலாம் என்று எண்ணினேன். ஸ்கான் செய்து, நல்ல பில்டர் ஒன்றைத் தேர்ந்து, அரைமணி நேரத்தில் முடித்து, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பின், "தம்பி, வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் இது எங்கடை ஐயா இல்லை" என்றார்.

எனக்கு மனம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஐயாவின் இடப் புருவத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஒரு தழும்பு இருந்தது. வேலி அடைக்கையிலே கருக்கு மட்டை வெட்டிய காயமென்று பின்னர் அறிந்தேன். பில்டர் அதனை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிட்டது. அவருடைய வாய் ஒரு பக்கம் சற்றே இறங்கியிருக்கும், அதனையும் சமப்படுத்திவிட்டது. ஆனால் ஸ்ரூடியோவிலே இரவல் கொடுத்த கோட்டின் பொத்தான்களைத் துல்லியமாகத் தீட்டியிருந்தது! உயிரோடிருந்த காலத்தில் அவர் கோட்டு அணிந்தது அந்தப் பத்து நிமிடந்தான். தழும்பும் பொத்தானும் பில்டருக்கு ஒன்றே. மகளுக்கு அவை ஒன்றல்ல.

மறுநாள் அக்காவை அழைத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, கணினித் தூரிகையாலே தொடக்கத்திலிருந்து மீண்டும் தீட்டினேன். மூன்று மாலைப் பொழுதுகள் சென்றன. "கண்ணுக்குக் கீழை இன்னும் கொஞ்சம் இருள் வேணும்", "காது அவ்வளவு தெரியவேண்டாம்" என்று அவர் சொல்லச் சொல்லத் திருத்தினேன். கோட்டை என்ன செய்வது என்று வினா எழுந்தது. அதை நீக்கி, வெறும் மேலோடு சால்வை போட்டதாகத் தீட்டும்படி அக்கா முதலில் கேட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் காணாத சால்வையை எவ்வாறு தீட்டுவது? ஈற்றில் நாததுவாரத்து ஓவியரை நினைத்துக்கொண்டேன். முகத்தை உள்ளபடி வைத்து, கோட்டைப் பெரிய தூரிகையால் நாலைந்து இழுப்பில் மங்கலாகப் பூசி, பின்னணியோடு கரையும்படி விட்டேன். கோட்டு இருந்ததென்றும் சொல்லலாம், இல்லையென்றும் சொல்லலாம். பார்ப்பவர் கண் நேரே முகத்துக்குப் போயிற்று. அந்தப் படம் இன்றும் அவ்வீட்டு விறாந்தையில் இருக்கிறது.

இவ்வனுபவத்தால் நான் கற்றது இது: நிழற்படம் ஓவியமாவது அதன்மேல் தூரிகைத் தடம் விழுவதால் அன்று, எதை வைப்பது, எதை விடுவது என்று ஒருவர் தீர்மானிப்பதால். கமராவுக்கு எல்லாம் சமம். பில்டருக்கும் எல்லாம் சமம். ஒரு மனிதர் நடுவில் இருந்து, இது முக்கியம், இது முக்கியமல்ல என்று சொல்லும்வரை அங்கே சித்திரம் இல்லை.

ஆதலால், வாலிப அன்பர்களே, தூரிகையைக் கையில் எடுங்கள். அதற்குரிய கருவிகள் உங்களிடம் இருக்கின்றன. போட்டோசொப் மென்பொருளிலே 2010இல் சேர்க்கப்பட்ட 'மிக்சர் பிரஷ்' என்னும் தூரிகை, ஈர வர்ணம் ஒன்றோடொன்று குழைவது போல நிறங்களைக் குழைக்கும். காசு கொடுத்து வாங்க இயலாதவர்கள் கிரிட்டா என்னும் இலவச மென்பொருளைப் பெறலாம். அதிலும் நிறங்குழைக்கும் தூரிகைகள் உண்டு. அழுத்தத்தை உணரும் பேனாவும் பலகையும் இருந்தால் கோடு தடித்தும் மெலிந்தும் கை சொன்னபடி வரும். மவுஸால் அது இயலாது. ஆயினும் தொடங்குவதற்கு மவுஸே போதும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூலப்படத்தைத் தொடவேண்டாம், பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். சிறிய பழைய படமானால் அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் ஸ்கான் செய்யுங்கள். நான் சொன்ன பாஸ்போட் படம் அவ்வாறு செய்தபோது ஏறக்குறைய 1650க்கு 2125 பிக்சல் ஆயிற்று. எட்டு அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 200 பிக்சலுக்கு மேல் வரும்; சுவரில் மாட்ட அது போதும்.

அடுத்து, படத்தின்மேல் வெறுமையான ஒரு 'லேயர்' போடுங்கள். அது படத்தின்மேல் விரித்த கண்ணாடித் தாள் போன்றது. தூரிகை கீழேயுள்ள நிறத்தை எடுத்து இந்தத் தாளின்மேல் பூசும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பிழை வந்தால் தாளில் அழிக்கலாம்; படம் கெடாது.

இனிக் கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பாருங்கள். அப்போது தெரியும் பெரிய நிறத் திட்டுகளை மட்டும் பெரிய தூரிகையால் பூசுங்கள். 1650 பிக்சல் அகலமுள்ள படத்துக்கு முதல் தூரிகை 150 பிக்சலுக்குக் குறையாதிருக்கட்டும். முழுப்படமும் மூடிய பின்னரே 60க்கு இறங்குங்கள். தொடக்கத்திலேயே சிறு தூரிகையால் கண்ணிமையைத் தீட்டப் போகிறவன் நிழற்படத்தைப் பிரதி செய்வானேயன்றிச் சித்திரம் செய்யான்.

தூரிகையின் போக்குப் பொருளின் வடிவத்தைத் தழுவ வேண்டும். கன்னத்திலே வளைந்து செல்க. நெற்றியிலே குறுக்கே செல்க. பனையிலே மேல்நோக்கியும், குளத்து நீரிலே கிடையாகவும் செல்க. எல்லா விளிம்பையும் ஒரேயளவு கூராக்க வேண்டாம். ஒளி பட்ட பக்கத்து விளிம்பு கூராக நிற்க, நிழற்பக்கம் பின்னணியோடு கலக்கட்டும். நடுநடுவே கீழேயுள்ள நிழற்படத்தை மறைத்துவிட்டு உங்கள் பூச்சை மட்டும் பாருங்கள். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தாற் கோணல் உடனே தெரியும். ஆகச் சிறிய தூரிகையைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்து, பார்ப்பவர் கண் எங்கே தங்கவேண்டுமோ அந்த ஓரிரண்டு இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். ஐயாவின் படத்தில் அந்த இடங்கள் இரு கண்களும் புருவத் தழும்பும். துலாக் கிணற்றிலே அது கொடி.

ஒரு பெரியவர் என்னிடம், "இவ்வளவு பாடுபடுவதிலும் துணியிலே வர்ணத்தால் தீட்டக் கற்கலாமே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கற்கக்கூடியவர் கற்கட்டும், அதற்கு ஈடில்லை. ஆனால் வர்ணமும் துணியும் ஆசிரியரும் கிடையாத வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு படி. பார்க்கக் கற்றவன் பின்னர் எந்தத் தூரிகையையும் பிடிக்கலாம். 2017இல் வெளிவந்த 'லவ்விங் வின்சன்ற்' என்ற சலனப்படத்துக்கு, நடிகரை முதலில் படம்பிடித்து, அதனை ஆதாரமாகக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட ஓவியர் ஏறக்குறைய 65,000 சித்திரங்களை எண்ணெய் வர்ணத்தாலே தீட்டினர். இயந்திரம் மலிந்த இக்காலத்திலும் கையின் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டென்பதற்கு இதுவே சான்று.

முடிவாக இளைஞருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, நிழற்படத்திலிருந்து செய்த சித்திரத்தை நிழற்படத்திலிருந்து செய்தது என்றே சொல்லுங்கள். படத்தின் பின்புறத்திலே மூலப்படம் எடுத்த ஆண்டையும், எம்முறையால் தீட்டியது என்பதையும் எழுதுங்கள். நாளை ஒருவர் அதனைப் பழைய ஓவியமென்று மயங்கலாகாது. இரண்டு, இறந்தவர் முகத்திலே உங்கள் விருப்பப்படி ஒன்றையும் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். தழும்பும் சுருக்கமும் அவர் வாழ்ந்ததற்குச் சாட்சி. இன்றைய செயற்கை அறிவு இயந்திரங்கள் இல்லாத பல்லையும் இல்லாத புன்னகையையும் கூடக் கற்பித்துவிடும். அவற்றிடம் முகத்தை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். மூன்று, அறிந்தவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தீட்டுங்கள்.

பெரியோருக்கும் ஒரு வேண்டுகோள். "பொத்தானை அமத்தினான்" என்று பிள்ளைகளை ஒதுக்கிவிடாதீர்கள். துலாக்கொடி இல்லை என்று கண்டுபிடித்தது உங்கள் கண். அதனைத் தீட்டக்கூடியது அவர்கள் கை. நம் ஊரிலே துலா மிதித்து இறைத்தவர்களின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. கொடி எவ்விடத்தில் கட்டப்படும், வாளி எவ்வாறு சரியும் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அது சித்திரத்தில் ஏறவேண்டும்.

பேச எழும்புமுன் அந்தத் தம்பியையும் அந்தப் பெரியவரையும் தேடிக் கண்டு பேசினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் கணினியோடு பெரியவர் வீட்டுக்குப் போகச் சம்மதித்திருக்கிறான். மூலப்படம் அவனிடம் பத்திரமாக இருக்கிறது. அதிலே கொடியும் இருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவிலே அதே சுவரில் அதே கிணற்றை, கொடியோடும் வாளியோடும், இருவர் பெயரும் கீழே எழுதப்பட்டதாக நாம் காணவேண்டும் என்பது என் ஆசை.